கராஜில் தயாராகும் விமான இறக்கை: ஒரு சின்ன துளைக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

கார் வெளியே மழையில் நனைகிறது. கராஜுக்குள் காரின் இடத்தில் நீளமான மேஜை, அதன் மேல் ஆளை விடப் பெரிய அலுமினியத் தகடு. பகலில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அங்கே போய் நின்று துளைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவர் செய்துகொண்டிருப்பது விமானத்தின் இறக்கை. முடித்த பிறகு அதில் ஏறிப் பறக்கப் போவதும் அவர்தான்!

அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கிற விஷயம். விமானத்தின் பெரும்பகுதி வேலையை, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ, தொழில்முறை இல்லாதவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேச்சுவழக்கில் இதை '51 சதவீத விதி' என்பார்கள். மீதியை கிட் விற்கும் நிறுவனம் செய்து பெட்டியில் அனுப்பலாம். இந்தத் தொழிலில் மிகப் பிரபலமான பெயர், ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த வான்ஸ் ஏர்கிராஃப்ட். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் 1973-ல் தொடங்கியது. இவர்களின் ஆர்வி வரிசை விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. அத்தனையும் ஆட்களின் கையால் கட்டப்பட்டவை.

சரி, இறக்கைக்குள் என்னதான் இருக்கு?

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பாருங்கள், ஈஸியாக வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி வளைக்க முயன்றால் அசையாது. இறக்கையின் முதுகெலும்பான 'ஸ்பார்' இந்த சூத்திரத்தில்தான் வேலை செய்கிறது. வேர் முதல் நுனி வரை ஓடும் உத்தரம் அது. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. நடுவில் உடம்பின் எடை கீழே இழுக்கிறது. இதனால் ஸ்பாரின் மேல்விளிம்பு அமுங்கும், கீழ்விளிம்பு இழுபடும். ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை விமானம், சாகசப் பறத்தலுக்கு அனுமதித்த எடையில் சுமார் 725 கிலோ இருக்கும். அது 6 மடங்கு புவியீர்ப்பைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. கணக்குப் போட்டால், அந்த நிமிஷம் இறக்கைகள் சுமப்பது நாலு டன்னுக்கும் மேல். இவ்வளவு பொறுப்புள்ள பாகம் என்பதால் பிரதான ஸ்பாரை நிறுவனமே பொருத்தி அனுப்பிவிடுகிறது. நல்ல முடிவு.

ஸ்பாருக்குக் குறுக்கே வரிசையாக நிற்பவை 'ரிப்'கள், அதாவது விலா எலும்புகள். இறக்கைக்கு அந்த வளைந்த வடிவத்தைக் கொடுப்பது இவைதான். இவற்றின் மேல் 'ஸ்கின்' எனப்படும் தகடு. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் வெறும் போர்வை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துவைப்பதே இந்தத் தகடுதான். தகரடப்பாவை மூடியோடு முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியும் அடியும் வெட்டி, பக்கவாட்டில் நீளமாகவும் கத்தரித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். வித்தியாசம் புரிந்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பவை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். வெல்டிங் ஏன் இல்லை என்று கேட்கலாம். இதற்குப் பயன்படும் அலுமினியக் கலவை, வெப்பத்தால் பதப்படுத்தி வலிமை ஏற்றப்பட்டது. வெல்டிங் சூடு பட்டால் அந்த வலிமை போய்விடும்.

கட்டுபவரின் நேரத்தைத் தின்பது ரிவெட் அடிப்பது அல்ல, அதற்கு முந்தைய வேலைதான். தையல்காரர் முதலில் ஓட்டுத்தையல் போட்டுப் பார்ப்பாரே, அதுபோல 'கிளெகோ' என்ற ஸ்பிரிங் பின்களைத் துளைகளில் செருகி முழு இறக்கையையும் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டும். துளைகளைச் சரியான அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பிறகு மொத்தத்தையும் பிரிக்க வேண்டும்! ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் இருக்கும் பிசிறைச் சுரண்டி எடுத்து, ரிவெட் தலை தகடோடு சமமாக உட்கார துளையைச் சுற்றிக் குழி அமுக்கி ('டிம்பிள்' என்பார்கள்), விரும்பினால் துருத்தடுப்புப் பூச்சும் அடித்து, மறுபடியும் கிளெகோ போட்டுச் சேர்க்க வேண்டும். அப்புறம்தான் ரிவெட்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே காற்றழுத்தத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையைத் தட்டுவார். இன்னொருவர் உள்ளே கையை விட்டு, வால்பக்கத்தில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். நடுவில் நசுங்கி உருவாகும் பொத்தான், ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருக்க வேண்டும். 2.4 மி.மீ ரிவெட் என்றால் 3.6 மி.மீ அகலம், 1.2 மி.மீ உயரம். கட்டி கொஞ்சம் சாய்ந்தால் பொத்தான் கோணலாகும். உடனே துளைபோட்டு எடுத்துவிடத்தான் கை துடிக்கும். அனுபவசாலிகள் அவசரப்படாதே என்பார்கள். சுமாரான ரிவெட்டை எடுக்கப்போய் துளையையே அகலமாக்கினால், சின்னப் பிரச்சினையைப் பெரிசாக்கினது போல ஆகிவிடும்.

பிசிறுக்கு ஏன் இந்தப் பாடு? உலோகம் ஒரே அடியில் மட்டும் உடைவதில்லை. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அறுந்துவிடுமே, அதுதான் களைப்புச் சேதம். விரிசல் தொடங்க ஒரு கீறல் போதும். துளையின் ஓரம் அதற்கு வசதியான இடம். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 நடுவானில் மேற்கூரையை இழந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ரிவெட் துளைகளில் கிளம்பிய களைப்பு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான் நடந்தது.

இந்தப் பயம் 2023-ல் கராஜ்களுக்குள்ளேயே வந்தது. ஆர்டர்கள் குவிந்ததால் வான்ஸ் நிறுவனம் சில பாகங்களின் துளைகளைப் பஞ்ச் செய்வதற்குப் பதில் லேசரால் வெட்ட வைத்திருந்தது. குழி அமுக்கும்போது தகடு துளையின் ஓரத்தில் நீள வேண்டும். லேசர் வெட்டிய சில துளைகளில் அந்த ஓரம் நீளாமல் விரிந்தது. சிலர் அந்தப் பாகங்களை வைத்து ஏற்கெனவே ரிவெட் அடித்து முடித்திருந்தார்கள். மாதக்கணக்கான ராத்திரி வேலை! நிறுவனம் சோதனைகள் நடத்தி, எதைப் பயன்படுத்தலாம், எதை மாற்றலாம் என்று பிரித்துச் சொன்னது. மாற்றுப் பாகங்களும் தயாரித்தது. ஆனால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. மற்ற நஷ்டங்களும் சேர, 2023 டிசம்பரில் அது திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. விலையை ஏற்றி, ஒப்பந்தங்களைப் புதுப்பித்து, 2024-ல் மீண்டு வந்தது. மணிக்கணக்காக உழைத்த கைகளுக்கு அந்தக் கணக்கில் ஈடு கிடையாது என்பது என் கருத்து.

இறக்கையின் முன்பகுதிதான் பெட்ரோல் டேங்க். ஆர்வி-7-ல் பக்கத்துக்கு சுமார் 80 லிட்டர். இதன் இணைப்புகளில் ஒட்டுப்பிசின் தடவி அடைப்பார்கள். கை, சட்டை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் அது ஒட்டும். கசிவு பார்க்கும் முறையோ நம்ம ஊர் பஞ்சர் கடை ரகம். ஒரு துவாரத்தில் பலூனைக் கட்டி, உள்ளே காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். குமிழி வந்தால் மறுபடி வேலை. ராத்திரி குளிரில் பலூன் தானாகவே சுருங்கும் என்பதால் காலையில் அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு.

முறுக்குப் பார்க்கவும் கொத்தனார் கருவிதான், தூக்குக்குண்டு. இறக்கையை ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி, இரு முனையிலும் நூலைத் தொங்கவிட்டு அளந்து பார்ப்பார்கள். இங்கே கோணல் இருந்து, அப்படியே தகட்டை மூடிவிட்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பறக்கும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அதனால் அடித்தகடு கடைசியில்தான் மூடப்படும். அதற்கு முன் வேறொரு அனுபவசாலியை அழைத்து டார்ச் அடித்து உள்ளே காட்டிவிடுவது வழக்கம். 1953-ல் தொடங்கிய இ.ஏ.ஏ அமைப்பு இதற்கென்றே தன்னார்வ ஆலோசகர்களை வைத்திருக்கிறது.

எல்லாம் முடிந்து அரசு ஆய்வாளரின் சான்று கிடைத்தாலும் உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. இன்ஜின், புரொப்பெல்லரைப் பொறுத்து பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனை ஓட்டம். அதற்குப் பிறகும் கேபினுக்குள் ஓர் அறிவிப்பு நிரந்தரமாக ஒட்டியிருக்கும்: இது தொழில்முறை அல்லாதவர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் கண்ணில் படும்படி அதை ஒட்ட வேண்டியது, கட்டியவரேதான்.