லாரி இன்ஜின் பெல்ட் அடிக்கடி தேய்வது ஏன்? கழற்றிய பெல்ட்டிலேயே இருக்கிறது விடை

பெருமாட்டி (பாலக்காடு): சரக்கு லாரியின் இன்ஜின் பெல்ட் உரிய காலத்துக்கு முன்பே மீண்டும் மீண்டும் தேய்ந்து அறுந்தால், குறை பெரும்பாலும் பெல்ட்டில் இருப்பதில்லை. அது சுற்றிவரும் புல்லி, பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில்தான் குறை இருக்கும். அதைக் கண்டறியாமல் பெல்ட்டை மட்டும் மாற்றிவந்தால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவு இன்ஜினையே பிரித்துச் சீரமைக்கும் நிலைக்குக் கொண்டுசென்றுவிடும்.

கேரள மாநிலம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பெருமாட்டி ஊராட்சி. நெல்லும் தென்னையும் விளையும் இப்பகுதியில், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் விளைபொருள்களைக் கொண்டுசெல்ல லாரிகளையே நம்ப வேண்டியுள்ளது. இதே ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் கிணற்று நீர் குடிக்க முடியாததாகிப்போனபோது, மக்களுக்குக் குடிநீர் கொண்டுவந்ததும் லாரிகள்தான். இத்தகைய ஊரில் ஒரு பெல்ட் அறுந்து லாரி நின்றுபோனால், அதன் பாதிப்பு உரிமையாளரோடு முடிவதில்லை.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்?

இன்ஜின் முகப்பில் உள்ள கிராங்க் புல்லியின் சுழற்சியை மற்ற பாகங்களுக்குக் கடத்துவதே பெல்ட்டின் பணி. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே தண்ணீரைச் சுழலவைக்கும் வாட்டர் பம்ப், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஆகியவை பெரும்பாலான வாகனங்களில் இந்தப் பெல்ட்டால்தான் இயங்குகின்றன. பல இன்ஜின்களில் குளிர்விக்கும் விசிறியும், ஏ.சி. வாகனங்களில் கம்ப்ரஸரும் இதனுடன் சேரும். விசிறியை இயக்கியதாலேயே இதற்கு 'ஃபேன் பெல்ட்' என்ற பெயர் ஏற்பட்டது.

ஓட்டத்தின்போது பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி சார்ஜ் விளக்கு எரியும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இயங்கினால், சற்று நேரத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். இவ்விரண்டும் சேர்ந்து தென்பட்டால் பாதுகாப்பான இடத்தில் உடனே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணினால், சிலிண்டர் ஹெட் வளைவதற்கும் கேஸ்கட் எரிந்துபோவதற்கும் வாய்ப்புண்டு. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பழைய பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

காரணத்தைத் தேடும் வேலை கழற்றிய பெல்ட்டிலிருந்தே தொடங்க வேண்டும். தேய்மானத்தின் வடிவம் காரணத்துக்குக் காரணம் மாறுபடும்.

ஒரு பக்க விளிம்பு மட்டும் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். பெல்ட்டின் பக்கவாட்டுப் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருந்தால், அது தளர்வாக இருந்து புல்லியில் வழுக்கியிருக்கிறது. ரப்பர் உப்பி, மென்மையாகிப் பிசுபிசுத்தால் எங்கிருந்தோ ஆயில் கசிந்து அதன்மீது படிகிறது. வரிகளில் ஆங்காங்கே துண்டு பெயர்ந்தோ துளை விழுந்தோ இருந்தால், சிறு கற்களும் மணலும் புல்லிப் பள்ளத்தில் சிக்கியிருக்கக்கூடும். ரப்பர் நன்றாக இருந்தும் உள்ளே உள்ள இழைகள் ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தால், பொருத்தும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றியிருக்கலாம்.

பழைய வகை நியோபிரீன் ரப்பர் பெல்ட்டுகளில் முதுமையும் வெப்பமும் குறுக்கு விரிசல்களாக வெளிப்படும். தற்போது பரவலாக உள்ள இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகளில் அவ்வாறு விரிசல் விழுவது அரிது; டயரைப்போல அவை மெல்ல மெல்லத் தேயும். எனவே, விரிசல் இல்லை என்பதைக் கொண்டே பெல்ட் நல்ல நிலையில் இருப்பதாக முடிவு செய்யக்கூடாது. வரிகளின் ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

சத்தம் சொல்லும் செய்தி

பெல்ட்டிலிருந்து வரும் சத்தத்தை இரு வகையாகப் பிரிக்கலாம். குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் 'கீச் கீச்' என ஒலித்தால், புல்லிகளின் நேர்கோடு பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினை முடுக்கும்போதோ ஏ.சி.யை இயக்கும்போதோ நீண்ட கிரீச்சொலி எழுந்தால், பெல்ட் வழுக்குகிறது.

இதை உறுதிசெய்ய மெக்கானிக்குகள் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது, சற்றுத் தொலைவிலிருந்து பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிதளவு தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் நின்று, சில விநாடிகளில் திரும்ப வந்தால் நேர்கோட்டுப் பிழை. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சோதனையின்போது தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கையில் கட்டிய கயிறு ஆகியவை இன்ஜின் அருகே செல்லாதவாறு பார்த்துக்கொள்வது அவசியம்.

சத்தத்தை அடக்குவதற்காகப் பெல்ட்டின்மீது பிசின் போன்ற பொருள்களைத் தடவுவது தீர்வாகாது. அதில் தூசி ஒட்டி, தேய்மானம் மேலும் விரைவுபடும். உண்மையான குறையும் மறைந்துவிடும்.

பெல்ட்டைக் கழற்றிய பின் செய்ய வேண்டியவை

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கேபினைச் சாய்க்கும் வகை லாரியானால் அதன் பூட்டைச் சரிபார்த்த பின்னரே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பிறகு, கிராங்க் புல்லி நீங்கலாக மற்ற ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் ஓசையின்றிச் சீராகச் சுழலும். கரகரப்போ, இடையே சிக்குவதோ, அசைத்தால் ஆட்டமோ தெரிந்தால் அந்தப் பேரிங்கே பெல்ட்டைத் தின்றுகொண்டிருக்கலாம். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலண்ட் கசிந்த தடம் இருந்தால், அதன் சீல் பழுதாகிவிட்டது.

அடுத்து நேர்கோடு. நீளமான இரும்பு ஸ்கேலையோ இழுத்துப் பிடித்த நூலையோ இரு புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் விலகல் தெரிந்துவிடும். இரு புல்லிகளின் முகங்களும் ஒரே அளவில் அமைந்தவையா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். வி-பெல்ட்டுகளுக்கு அரை டிகிரி வரையிலான கோணப் பிசகே ஏற்கத்தக்கது. அதாவது, 30 செ.மீ. இடைவெளிக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ. பல வரிகள் கொண்ட பட்டையான பெல்ட்டுகள் இதைவிடக் குறைந்த பிசகையே தாங்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியபோது வாஷர் ஒன்று விடுபட்டிருந்தாலும், தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இந்த அளவு எளிதில் மீறப்பட்டுவிடும்.

கிராங்க் புல்லியையும் விட்டுவிடக்கூடாது. டீசல் இன்ஜினின் அதிர்வை உள்வாங்க, பல வாகனங்களில் இதன் உட்பகுதிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் அடுக்கு இருக்கும். அது பிய்ந்துபோனால் வெளிவளையம் தள்ளாடத் தொடங்கும். மற்ற அனைத்தும் சரியாக இருந்தும் புதிய பெல்ட் நீடிக்காததற்கு இதுவும் காரணமாகலாம்.

புல்லியின் பள்ளமும் தேயும். வி-பெல்ட்டின் பிடிமானம் அதன் இரு பக்கச் சரிவுகளில்தான் இருக்கிறது. பெல்ட் கீழிறங்கிப் பள்ளத்தின் அடித்தளத்தைத் தொட்டு, அங்கே பளபளப்பு தெரிந்தால் புல்லியை மாற்றுவதே சரி. இரட்டைப் பெல்ட் உள்ள இன்ஜின்களில் ஒன்றை மட்டும் மாற்றினால், நீளாத புதிய பெல்ட் முழுச் சுமையையும் ஏற்று விரைவில் தேய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எவ்வளவு இறுக்கலாம்?

தளர்ந்த பெல்ட் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட், ஆல்டர்னேட்டர் மற்றும் வாட்டர் பம்ப் பேரிங்குகளை அழிக்கும். கையால் இறுக்கம் சரிசெய்யும் வி-பெல்ட்டுகளில், இரு புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 1.6 மி.மீ. அமுங்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 60 செ.மீ. இடைவெளியில் இது ஏறத்தாழ 10 மி.மீ. ஆகும். எனினும், வாகன நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. புதிய வி-பெல்ட் தொடக்க ஓட்டத்தில் சற்று நீளும் என்பதால், முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். தானியங்கி டென்ஷனர் உள்ள இன்ஜின்களில் அதன் சுருள்வில் வலுவிழந்துள்ளதா, கை சீராக அசைகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண் அதன் அளவைக் குறிக்கிறது. '8பிகே1420' என்றால் 8 வரிகள், 1,420 மி.மீ. நீளம். 'ஏவி13' என்றால் மேல் அகலம் 13 மி.மீ. கொண்ட வி-பெல்ட். கடையில் சரியான எண் கிடைக்காதபோது 'இதுவும் உட்காரும்' என்று சற்றே நீளமான பெல்ட்டைப் பொருத்தினால், இறுக்கும் வசதி எல்லையை எட்டிவிடும். பெல்ட் தளர்ந்தே ஓடும். மதுரை போன்ற நகரங்களில் பல பத்தாண்டுகளாகப் பெல்ட் தயாரிப்பு நடைபெற்றுவரும் நிலையில், தரமான பெல்ட் கிடைப்பது அரிதல்ல. போலிப் பொருள்களைத் தவிர்க்க ரசீதுடன் வாங்குவது நல்லது.

வெயிலும் மலையும் காரணமா?

பாலக்காட்டுக் கணவாய் வழியே கோடைக்கு முன் வறண்ட கிழக்குக் காற்று வீசுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பகுதியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதும் உண்டு. பெல்ட்டின் வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரி கூடுதலாக இருந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பெல்ட் தயாரிப்புத் துறையில் கையாளப்படும் கணக்கு. இடுக்கி மாவட்டத்தின் குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளில் பாரத்துடன் மெதுவாக ஏறும் லாரிக்கும், நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணீர் இறைக்கும் டேங்கர் லாரிக்கும் எதிர்க்காற்றின் குளிர்ச்சி போதுமான அளவு கிடைப்பதில்லை.

புதிய கருவிகளும் சுமையைக் கூட்டுகின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட புதிய சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் பொருத்தும் ஏ.சி.க்கு ஏற்பவே பெல்ட்டும் வடிவமைக்கப்பட்டிருக்கும். பழைய லாரியில் வெளியே ஏ.சி. பொருத்துவோரும், அலங்கார விளக்குகளை அளவின்றிச் சேர்ப்போரும் பெல்ட்டின் மீது கூடும் சுமையைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. கிராங்க்கைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் சுழல்வது. எனவே வழுக்கல் பெரும்பாலும் அங்குதான் தொடங்குகிறது.

ஆயினும், எல்லாப் பழியையும் வெயில்மீது போட்டுவிட முடியாது. அதே மாடல் லாரி, அதே வழித்தடம், அதே பாரம். ஆனால் பக்கத்து லாரியின் பெல்ட் மட்டும் நீண்ட நாள் உழைக்கிறது என்றால், குறை இந்த வண்டியில்தான் இருக்கிறது.

பதிவேடு உதவும்

ஒவ்வொரு முறை பெல்ட் மாற்றும்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், பெல்ட் எண், தேய்ந்த பக்கம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும். மூன்று பெல்ட்டுகளும் ஒரே விளிம்பில் தேய்ந்திருந்தால் நேர்கோட்டைச் சரிபார்க்க வேண்டும். மூன்றும் உப்பியிருந்தால் கசியும் சீலைத் தேட வேண்டும். மூன்றும் பளபளத்திருந்தால் டென்ஷனரையும் புல்லிப் பள்ளத்தையும் ஆராய வேண்டும். பழைய பெல்ட்டையும் இந்த நோட்டையும் மெக்கானிக்கிடம் சேர்த்தே காட்டினால், நான்காவது பெல்ட் வாங்கும் முன்பே காரணம் பிடிபட வாய்ப்புள்ளது.