‘மோல்டா வல்லூறு’: கொலைகாரியும் துப்பறிவாளனும்

துப்பறியும் கதைகளையும் அவற்றின் வழிவந்த திரைப்படங்களையும் வெறும் பொழுதுபோக்குச் சரக்குகள் என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையேயும் உண்டு. ஆயின், பெருந்தொகையான மக்கள் எதனை விரும்பிப் பார்க்கின்றனர், ஏன் விரும்புகின்றனர் என்னும் வினா சமூகவியல் நோக்குடைய எவருக்கும் விலக்கத்தக்கதன்று. துப்பறிபவன் ஒருவன் கொலைகாரனைத் தேடிச் செல்ல, அத்தேடல் அவனை மயக்கிய பெண்ணிடமே வந்து நிற்கும் கதை அமெரிக்கத் திரையுலகில் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்துள்ளது. 1992இல் வெளிவந்த ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ வரை அதன் வாரிசுகளைக் காணலாம். இக்கதை மரபினை நிலைநிறுத்திய படங்களுள் முதன்மையானது, ஜோன் ஹியூஸ்டன் நெறியாள்கை செய்து 1941இல் வெளிவந்த ‘மோல்டா வல்லூறு’. டஷீல் ஹமெற்றின் நாவலொன்றினை அடியாகக் கொண்டது இப்படம். நாவலுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிறு வேறுபாடே நமது கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கதை சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்கிறது. ஸ்பேட், ஆர்ச்சர் என்னும் இருவர் கூட்டாக நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்கு இளம்பெண்ணொருத்தி வருகிறாள். தன் தங்கையை தேர்ஸ்பி என்பவன் அழைத்துச் சென்றுவிட்டதாகவும், அவனைப் பின்தொடர வேண்டுமெனவும் கூறி இருநூறு டொலரை மேசைமீது வைக்கிறாள். அன்றிரவே ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். பின்னர் தேர்ஸ்பியும் கொல்லப்படுகிறான். தங்கை என்று எவளும் இல்லை. பிரிஜிட் ஓ’ஷோனசி என்னும் இப்பெண்ணும், கட்மன் என்னும் பருத்த கனவானும், கைரோ என்பவனும் ஒருவரையொருவர் ஏமாற்றித் தேடுவது, மணிகள் பதித்து, மேலே கறுப்பு வர்ணம் பூசப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு வல்லூற்றுச் சிலையை. ஆர்ச்சரைக் கொன்றவள் பிரிஜிட்டே என்பதை ஸ்பேட் இறுதியில் வெளிப்படுத்துகிறான். அதற்குள் அவர்களிடையே காதல் எனத்தக்க ஓர் உறவும் உண்டாகிவிட்டது. இருந்தும் அவளைப் பொலிஸாரிடம் ஒப்படைக்கிறான்.

இத்தகைய ‘மோகினிக் கொலைகாரி’ அமெரிக்கப் படங்களில் ஏன் தோன்றினாள் என்பதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கமொன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் களத்துக்குச் செல்ல, பெண்கள் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தனர். பொருளாதாரச் சுதந்திரம் பெற்ற பெண்ணைக் கண்டு ஆணாதிக்கச் சமுதாயம் கொண்ட அச்சமே திரையில் கொலைகாரியாக உருவெடுத்தது என்பது அவ்விளக்கம். ஈ. ஆன் கப்ளான் 1978இல் தொகுத்து வெளியிட்ட, இவ்வகைப் படங்களில் பெண் பற்றிய கட்டுரைத் தொகுதிக்குப் பின்னர் பெண்நிலைவாத ஆய்வு இத்துறையில் பெரிதும் வளர்ந்தது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் போர் பற்றிய விளக்கம் இப்படத்துக்குப் பொருந்துவதாயில்லை. படம் வெளிவந்தது 1941 ஒக்டோபரில். அமெரிக்கா போரில் இறங்கியது அவ்வாண்டு டிசம்பரில். நாவலோ 1929 செப்டெம்பர் முதல் ‘பிளாக் மாஸ்க்’ என்னும் மலிவுச் சஞ்சிகையில் தொடராக வந்து, 1930இல் நூலாயிற்று. தொடர் வந்துகொண்டிருந்த ஒக்டோபர் மாதத்திலேயே நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. அடித்தளத்தில் ஒரு நிகழ்ச்சி, உடனே மேற்கட்டுமானத்தில் அதன் நிழல் என்று பொருத்திப் பார்ப்பது எளிது. பிரிஜிட்டைப் பொறுத்தவரையில் அப்பொருத்தம் பிழையானது. அவள் போருக்கும் முந்தியவள். எழுதப்பட்ட காலத்தை நோக்கின் பொருளாதார வீழ்ச்சிக்கும் முந்தியவள்.

அவ்வாறாயின் அவளை எங்கே வைத்து விளக்குவது? படத்தினுள்ளேயே விடை உண்டு. இப்படத்தில் துப்பாக்கியைவிட அதிகமாகக் கைமாறுவது பணம். அவள் சொன்ன கதையைத் தாங்கள் நம்பவில்லை, தந்த இருநூறு டொலரையே நம்பியதாக ஸ்பேட் அவளிடமே கூறுகிறான். பின்னர் ஐந்நூறு டொலரையும் வாங்கிக்கொள்கிறான். வேறெதைக் கொடுத்து உன்னை வாங்குவது என அவள் கேட்கும் கட்டத்தில்தான் முதன்முதலாக அவளை முத்தமிடுகிறான். காதற்காட்சி ஒன்று இத்துணை வெளிப்படையாகக் கொடுக்கல் வாங்கலாக அமைந்த படம் அக்காலத்தில் அரிது. கட்மன் பதினேழு ஆண்டுகளாகச் சிலையைத் தேடியவன். கிடைத்தது ஈயத்தாலான போலி எனத் தெரிந்த கணத்தில் சற்றே தளர்ந்து, உடனே தேறி, இஸ்தான்புல்லுக்குச் சென்று மீண்டும் தேடப் புறப்படுகிறான். இன்னும் ஓராண்டு செலவிட்டால் பதினேழு ஆண்டுகளுடன் ஒப்பிட எத்தனை சதவீதம் மேலதிகம் என்பதைப் பின்னக் கணக்குடன் சொல்கிறான்! அறுபத்தொரு வயதில் முதன்முதலாகத் திரையில் தோன்றிய சிட்னி கிறீன்ஸ்ட்ரீட் அதனைச் சிரித்துக்கொண்டே சொல்லுமிடம் முதலாளித்துவ மனம் பற்றிய பல பக்க விளக்கத்துக்கு ஈடாகும். சிலையின் பயன்பாட்டுப் பெறுமதி எதுவென எவரும் ஒரு கணமேனும் எண்ணுவதில்லை. மார்க்ஸ் பண்டத்தின் மாயை எனச் சுட்டியதற்கு இதனிலும் தெளிவான திரை உருவகத்தை நாம் அறியோம். சிலுவைப் போர் வீரர்க்கு அப்போர்கள் பெரும்பாலும் கொள்ளையே என்பதையும் இந்தக் கொள்ளைக்காரனே நமக்குச் சொல்கிறான். (படத்தின் தொடக்க எழுத்துக்கள் மோல்டாவின் வீரரைத் ‘தெம்பிளர்’ எனக் குறிப்பிடுவது வரலாற்றுப் பிழை. அச்சபை 1312இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. 1530இல் ஐந்தாம் சார்ள்ஸ் மன்னனிடமிருந்து, ஆண்டுக்கொரு வல்லூறு என்னும் திறைக்கு மோல்டாவைப் பெற்றோர் வேறொரு சபையினர்.)

இச்சந்தையில் கட்மனுக்கு மூலதனம் உண்டு, அடியாளும் உண்டு. ஸ்பேட்டுக்கு அலுவலகமும் உரிமப்பத்திரமும் உண்டு. பிரிஜிட்டுக்கு இருப்பன அழகும் பொய்யும் மட்டுமே. இதைக் கூறுவதால் அவளைப் பாதிக்கப்பட்ட அபலையாக மாற்ற நாம் முயல்வதாகக் கொள்ளலாகாது. தன்னை நம்பி இருட்டில் அருகே வந்து நின்ற ஆர்ச்சரை, பழி தேர்ஸ்பிமீது விழட்டும் என்பதற்காகவே சுட்டவள் அவள். கொலை கொலைதான். நமது வினா, ஏனையோரின் வியாபாரம் வியாபாரமாகவே காட்டப்பட, அவளுடையது மட்டும் பெண்ணின் இயல்பாகக் காட்டப்படுவது ஏன் என்பதே.

இங்கு ஒரு காட்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பொலிஸாருக்கு ஒரு பலிகடா தேவை என்று கட்மனிடம் கூறுபவன் ஸ்பேட்டே. அடியாளான வில்மர் என்னும் இளைஞனைக் கொடுத்துவிடலாம் என்கிறான். அவன் தனக்கு மகனைப் போன்றவன் எனக் கட்மன் முதலில் மறுக்கிறான். பின்னர், மகன் போனால் இன்னொருவனைப் பெறலாம், வல்லூறு ஒன்றே ஒன்றுதான் என்று சம்மதிக்கிறான். பார்வையாளர் அருவருப்படைகின்றனர், அடைய வேண்டுமென்றே காட்சி அமைந்துள்ளது. ஆனால் படத்தின் கடைசிக் கட்டத்தில் நிகழ்வதும் அதுவே. ஸ்பேட் தான் காதலிப்பவளை ஒப்படைக்கிறான். ஒப்படைப்பதற்கான காரணங்களைக் கணக்கெழுதுபவன்போல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறான். கூட்டாளி கொல்லப்பட்டால் ஏதேனும் செய்தாக வேண்டும். கொன்றவரைத் தப்பவிடுவது தொழிலுக்குக் கேடு. அவளை இனி நம்பவும் முடியாது. மறுபக்கத் தட்டில் இருப்பது காதல் மட்டுமே. நீதி என்னும் சொல்லுக்கு அக்கணக்கில் இடமில்லை. கட்மன் செய்ததற்கும் ஸ்பேட் செய்வதற்கும் இடையே வேறுபாடு உண்டு. பிரிஜிட் உண்மையிலேயே குற்றவாளி. ஆயினும் இரு கணக்குகளும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை.

ஹமெற் இதனை அறிந்தே எழுதினார் என்பது நமது கருத்து. 1915 முதல் 1922 வரை இடையிட்டுப் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணிபுரிந்தவர் அவர். 1892இல் ஹோம்ஸ்டெட் உருக்காலைத் தொழிலாளருக்கு எதிராக ஆயுதந்தாங்கி நின்ற நிறுவனம் அது. துப்பறிதல் விற்கப்படும் உழைப்பு என்பதையும், அதனை வாங்குபவர் எவர் என்பதையும் அவர் அனுபவத்தால் கண்டிருந்தார். 1951இல் கம்யூனிஸ்ட்களுக்கான பிணைநிதிக்குப் பணமுதவியோரின் பெயர்களைக் கூற மறுத்துச் சிறை சென்ற ஹமெற்றை நாவலுக்குள் தேடுவது தவறு. அவர் கட்சியைச் சார்ந்தது 1930களின் பிற்பகுதியிலேயே. நாவலை எழுதியவர் கோட்பாட்டாளரல்லர். தன் பழைய தொழிலை ஐயத்தோடு நோக்கிய முன்னாள் ஊழியர்.

படத்தின் முடிவைப் பலரும் அறிவர். பொலிஸ் அதிகாரியுடன் பிரிஜிட் மின்தூக்கியினுள் நிற்கிறாள். அதன் கம்பிக் கதவின் நிழல் சிறைக்கம்பியென அவள் முகத்தில் விழுகிறது. ஸ்பேட்டாக நடித்த ஹம்பிரி போகார்ட் ஈயப் பறவையைக் கையிலேந்திப் படிவழியே இறங்குகிறார். ஒளிப்பதிவாளர் ஆதர் எடிசனின் திறன் போற்றத்தக்கது. எனினும் அவ்வழகு செய்யும் காரியமும் கவனிக்கத்தக்கது. அவள் குற்றம் முழுவதையும் தன்னோடு கீழே கொண்டுசெல்கிறாள். அவனுக்கு எஞ்சுவது துயரம், அதுவும் கண்ணியமான துயரம். 1934 முதல் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்ட ஹொலிவூட் தணிக்கை நெறி குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டுமென விதித்தது. துப்பறிவாளனை எவரும் விசாரிக்க வேண்டுமென விதிக்கவில்லை.

நாவலில் அவனை ஒருத்தி விசாரிக்கிறாள். மறுநாட் காலை ஸ்பேட் வழமைபோல் அலுவலகத்துக்கு வருகிறான். அவனது செயலாளரும், கதை முழுவதும் அவனுக்கு விசுவாசமாக உழைத்தவளுமான எஃபி பெரின் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இது உண்மைதானா என்று கேட்கிறாள். அவன் ஆமென்கிறான், அவள் ஆர்ச்சரைக் கொன்றவள் என்கிறான். எஃபி அதனை மறுக்கவில்லை. அவன் செய்தது சரி என்பதும் தனக்குத் தெரியும் என்கிறாள். ஆனால் தன்னைத் தொடவேண்டாம் என்று கூறி, அவன் அணைப்பிலிருந்து விலகி வெளியறைக்குச் செல்கிறாள். சம்பளத்துக்கு வேலைசெய்யும் பெண் தன் முதலாளிக்கு வழங்கும் தீர்ப்பு அது. சற்றுப் பின்னர் திரும்பி வந்து, ஆர்ச்சரின் விதவை, முன்பு ஸ்பேட்டுடன் கள்ள உறவு கொண்டிருந்த ஐவா, வந்திருப்பதாகத் தெரிவிக்கிறாள். ஸ்பேட் நடுங்குகிறான், பின்னர் உள்ளே அனுப்பச் சொல்கிறான். இந்தக் காட்சி படத்தில் இல்லை.