கொல்லைப்புறத்துப் பப்பாளி

வீட்டின் பின்புறம் பத்தடி நிலம் இருக்கிறது. அங்கே என்ன மரம் வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் விடை, பப்பாளி என்பதே. மாவும் தென்னையும் நட்டவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பப்பாளியோ நட்ட ஒன்பது பத்துத் திங்களில் பழம் தரத் தொடங்கிவிடும். ஆறாம் வகுப்பில் விதை போட்ட மாணவன் ஏழாம் வகுப்பில் பழம் தின்னலாம்.

ஆனால் எளிதில் வளரும் இம்மரம் எல்லார் வீட்டிலும் எளிதில் காய்ப்பதில்லை. தழைத்து வளர்ந்து, சரஞ்சரமாகப் பூத்து, ஒரு பிஞ்சும் பிடிக்காமல் நின்ற மரங்களை நான் வாழும் பழனிசெட்டிபட்டியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "இது மலட்டு மரம்" என்று சொல்லி வெட்டிவிடுவார்கள். அது மலடு அன்று, ஆண் மரம். இந்த ஒரு செய்தியை முன்பே அறிந்திருந்தால் ஓராண்டு உழைப்பு வீணாகியிராது. ஆகவே பப்பாளியை வளர்ப்பதற்கு முன் அதனை அறிந்துகொள்வோம்.

தாவர நூலார் பப்பாளியை மரம் என்றே ஒப்புவதில்லை. உள்ளே கூடாகவும், வைரம் பாயாமலும் இருப்பதால் அதனைப் பெரும் பூண்டு என்பர். அதன் தாயகம் தென் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஐரோப்பியர் வழியாக அது கீழ்நாடுகளை அடைந்தது. இன்று நம் மண்ணிலேயே பிறந்தது போல வேலியோரத்திலும் கிணற்றடியிலும் தானே முளைக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் இதனைப் பப்பாசி என்பர்.

பப்பாளியில் மூன்று வகை மரங்கள் உண்டு. ஆண் மரத்தின் பூக்கள் நீண்ட காம்புகளில் தொங்கும்; சிறியனவாக, மெல்லிய குழல்போல் இருக்கும். பெண் மரத்தின் பூக்கள் தண்டை ஒட்டியே அமர்ந்திருக்கும். பருத்து, அடியில் சிறு காய்போன்ற சூலகத்துடன் விளங்கும். மூன்றாவது, ஒரே பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் அமைந்த இருபால் மரம். பெண் மரத்தின் பழம் பெரும்பாலும் உருண்டையாகவும், இருபால் மரத்தின் பழம் நீளமாகவும் இருக்கும்.

இந்தப் பால் வேற்றுமை விதையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரத்தின் தலையைக் கொய்தாலும், தண்டில் ஆணி அடித்தாலும் ஆண் பெண்ணாகும் என்று சொல்வதுண்டு; அதை நம்பி மரத்தைப் புண்படுத்த வேண்டா. பருவ வெப்பத்திற்கேற்பச் சில மரங்கள் தாமாகவே பூவின் தன்மையைச் சிறிது மாற்றிக் காட்டும். ஆண் மரம் ஒன்றிரண்டு காய்களைத் தொங்கவிடுவதும் உண்டு. அது இயற்கையின் விளையாட்டே அன்றி ஆணியின் வேலை அன்று.

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஆண், பெண் என இரு வகை மட்டும் உள்ள இனத்தில், விதைகளில் பாதி ஆண், பாதி பெண். ஒரு குழியில் ஒரே கன்று நட்டால் அது ஆணாக அமையும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு கன்று நட்டால் இரண்டும் ஆணாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு கன்று நட்டால் பதினாறில் ஒன்றுதான். கன்றைக் கண்ணால் பார்த்துப் பால் அறிய முடியாது. பூக்கும் வரை பொறுக்க வேண்டும். ஆகவே குழிக்கு நான்கு கன்றுகள் நட்டு, பூத்த பின் ஒரு பெண் மரத்தை நிறுத்தி மற்றவற்றை நீக்குவது வழக்கம். தோட்டத்தில் இருபது பெண் மரத்திற்கு ஓர் ஆண் மரம் போதும். வீட்டில் ஒரே பெண் மரம் வைப்பவர், அண்டையில் ஓர் ஆண் மரமோ இருபால் மரமோ உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மரம் வைக்க இடமுள்ளவர்களுக்கு இருபால் வகையே ஏற்றது; அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதன் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் முளைக்கும், ஆண் வராது. இம்மரபுக் கணக்கை ஹாஃப்மெயர், ஸ்டோரி என்னும் இருவர் 1938ஆம் ஆண்டு தனித்தனியே விளக்கினர். ஆனால் அருகில் ஆண் மரம் இருந்து அதன் மகரந்தம் கலந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.3, 1997இல் வெளிவந்த கோ.7 ஆகியவை இருபால் இனங்கள். கடைகளில் மிகுதியாகக் காணும் தைவான் ரெட் லேடியும் அவ்வகையே. எனினும் அது ஒட்டு வீரிய இனம் ஆதலால், தின்ற பழத்தின் விதையைப் போட்டால் தாயைப் போலவே பிள்ளை அமையும் என்று சொல்வதற்கில்லை.

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். விதையைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்று உண்டு. அது முளைப்பதைத் தடுக்கும். சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்திய விதை நன்றாக முளைக்கும். மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த பைகளில் விதைத்து, சுமார் இரண்டு திங்கள் ஆனபின் நடலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் தொழு உரமிட்டு நடுக. மரத்திற்கு மரம் ஆறடி இடைவெளி வேண்டும். நிழல் இதற்கு ஆகாது; முழு வெயில் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருவகை இடர்கள் உண்டு. ஒன்று நீர், மற்றொன்று காற்று. மேற்கு மலையைக் குடைந்து பெரியாற்று நீர் இப்பள்ளத்தாக்கிற்கு வரத் தொடங்கியது 1895ஆம் ஆண்டில். அது முதல் நெல் விளைத்துப் பழகிய கைகள் நம்முடையவை. நெல்லுக்கு நிற்கும் நீர் வேண்டும். பப்பாளிக்கு ஓடும் நீர் வேண்டும். அடித்தண்டைச் சுற்றி நீர் தேங்கினால் தண்டு அழுகி, நேற்றுவரை செழித்த மரம் திடீரெனச் சாய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் இந்த அழிவு மிகுதி. ஆகவே தண்டையொட்டி மண்ணை மேடாக அணைத்து, சற்றுத் தள்ளி வட்டமாக வாய்க்கால் வெட்டி நீர் விடுக.

காற்றோ ஆனி, ஆடித் திங்களில் கணவாய்களின் வழியே சீறி வரும். தேனி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதே இக்காற்றை நம்பித்தான். வைரமில்லாத தண்டும், தலைப்பாரமான காய்க்குலையும் அதற்கு ஈடுகொடா. வீட்டுச் சுவருக்குக் கிழக்கே நட்டால் சுவரே காவல். காய் நிறைந்த மரத்திற்கு ஒரு முட்டுக்கழியும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பகை பூச்சி. அதன் வரலாறு மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பஞ்சு ஒட்டியது போல் வெண்மையாக இலைக்கடியிலும் காய்மேலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பரவியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. மெழுகுப் பூச்சு அதற்குக் கவசமாயிற்று. மருந்தால் மடிந்தவை பெரும்பாலும் அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகளே.

அறிஞர்கள் வேறு வழி நாடினர். மெக்சிகோவும் நடு அமெரிக்காவுமே இப்பூச்சிக்கும் தாயகம். அங்கே இது பெருந்தொல்லை ஆகாததற்குக் காரணம் அதன் இயற்கைப் பகைவர்கள். 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூர் ஆய்வகத்திற்கு வரவழைத்து, சோதித்து, பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டனர். அவற்றுள் அசரோஃபேகஸ் பப்பாயே என்பது எள்ளினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். சில திங்களில் தொல்லை பெரிதும் தணிந்தது. இதிலிருந்து வீட்டுத் தோட்டத்திற்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இலைக்கடியில் வெண்பஞ்சைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிகுதியாகப் பற்றிய இலையைக் களையுங்கள். குளவிக்கு வேலை செய்ய இடங்கொடுங்கள்.

காயில் மஞ்சள் கீற்று ஓடத் தொடங்கியதும் பறித்து வைத்தால் ஓரிரு நாளில் பழுக்கும். 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு; கண்ணுக்கு நலம்தரும் கரோட்டீனும் உண்டு. பச்சைக் காயைக் கூட்டாகவும் பொரியலாகவும் சமைக்கலாம். காயின் பாலில் உள்ள பப்பேன் என்னும் பொருள் புரதத்தைச் சிதைக்க வல்லது. இறைச்சி விரைவில் வேகக் காய்த் துண்டு ஒன்று போடும் வழக்கத்திற்கு அதுவே காரணம். கருவுற்ற மகளிர் பால் மிக்க காயைத் தவிர்ப்பது நன்று.

வளமாகக் காய்ப்பது இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே ஒரு மரம் காய்க்கும்போதே அடுத்த கன்றை வளர்த்து வைப்பது அறிவுடைமை. தேனிக்கு அண்மையில் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஐயம் எழும்போது அங்கே கேட்டுத் தெளியலாம். ஆனால் அன்றாடம் பூவையும், அடித்தண்டையும், இலையின் மறுபுறத்தையும் உற்றுநோக்கும் கண்களே பப்பாளிக்குச் சிறந்த உரம். மாணவர்களே, இவ்வாரமே நான்கு விதைகளை ஊன்றுங்கள். தாவர நூலில் படிக்கும் பாடம் உங்கள் கொல்லையிலேயே பூத்து, காய்த்து, பழுத்து வரும்.