பாலமும் காலமும்

மட்டக்களப்பு நாட்டைக் காண வருவோர் முதலிற் கேட்டறியும் சொற்கள் இரண்டு. ஞாயிறு எழும் திசையிற் கடலையடுத்துக் கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் வயல்வளமுற்று விரிந்து கிடப்பது படுவான்கரை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வாவி கிடக்கின்றது. அவ்வாவியின் பாடுமீனைப் புகழாத புலவர் இல்லை. ஆயின், மறுகரையில் மகவு பெற நொந்திருக்கும் மகளின்பொருட்டு மருத்துவச்சியை அழைத்துவர நள்ளிரவிலே துறையில் நின்ற தந்தைக்கு வாவி பாட்டாகத் தோன்றியிராது, பகையாகவே தோன்றியிருக்கும். பாலப்பணியைப் பற்றி ஆராயப் புகுவோர் அத்தந்தையின் பக்கத்தில் நின்று ஆராய்தல் நன்று.

நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலத்துக்கு லேடி மனிங் பாலம் என்று பெயர். 1918 முதல் 1925 வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்த சேர் வில்லியம் மனிங் என்பாரின் மனைவியார் பெயர் அது. பாலம் 1928ஆம் ஆண்டிற்குரியது என்பர். அங்ஙனமாயின், பெயருக்குரியவரின் கணவர் பதவி நீங்கிய பின்னரே பாலம் நிறைவெய்தியது. ஆள்வோர் மாறினும் வேலை அறாமல் நடந்தது என்பதே இதிற் கருதத்தக்கது. அடுத்த ஆண்டில், 1929இல், விபுலாநந்த அடிகளின் முயற்சியாற் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் தோன்றிற்று. ஒரு வண்டி செல்லும் அகலமே உடைய அப்பழம் பாலம் எண்பது ஆண்டுக்கு மேல் இரு கரையின் சுமையையும் தாங்கியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் அது கண்டது. ஜப்பானின் உதவியுடன் எழுந்த புதிய பாலம் 2013 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது.

தெற்கே மண்முனைத் துறையின் கதை இன்னும் நீண்டது. மிதவையை எம்மவர் ‘பாதை’ என்பர். நீரின்மேல் மிதப்பதற்குப் பாதையென்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! வேறு பாதை அவர்க்கு இருந்ததில்லை. போர்க்காலத்திலே, 2007 வரை, வாவியின் இருகரையும் இருவேறு அதிகாரத்தின் கீழ் இருந்தன. மண்முனைப் பாலம் 2014 ஏப்பிரலிற் றிறக்கப்பட்டது. அதன் நீளம் 210 மீற்றர். நடந்தாற் சில நிமிடம். அச்சில நிமிட வழிக்கு ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தனர்.

பாலங்கள் ஏன் பிந்துகின்றன? போரும் பொருள்முடையும் ஒருபுறம் இருக்க, வேலை தொடங்கிய பின்னரும் பிந்துவதன் காரணத்தை நோக்குவோம். நீரடி மண்ணிற் றூண் இறக்கவேண்டும், தூணின்மேற் றலைக்கட்டு, அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேற் றளம். முன்னது முடியாமற் பின்னது தொடங்காது. சீமெந்துக் கலவையின் வலிமையை 28ஆம் நாளில் அளந்து பார்ப்பது வழக்கம். மேலதிகாரி சினந்தாலும் கலவை விரைந்து இறுகாது.

இவற்றுக்கெல்லாம் மேலான அதிகாரி மாரி. ஐப்பசி கார்த்திகையில் வாடை வீச, குளங்கள் வழிந்து வாவி பெருகும். முகத்துவாரம் உடைத்துப் பாயும். நீரடி வேலைக்கு வாய்ப்பான காலம் பங்குனி முதற் புரட்டாதி வரையே. சித்திரையில் வரவேண்டிய இரும்பு ஆவணியில் வந்தால், நான்கு மாதம் பிந்திற்று என்பது கந்தோர்க் கணக்கு. வாவியின் கணக்கு வேறு. இடையிலே மாரி புகுதலின், அந்நான்கு மாதம் ஓராண்டாகிவிடும்.

வள்ளுவப் பெருந்தகை அதிகாரங்களை வைத்த முறை இங்கே எண்ணத்தக்கது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன முன்னிற்கின்றன. அவற்றின் பின்னரே ஆளைத் தேர்ந்து தெளிதலும், தேர்ந்தவனிடம் வினையை ஒப்புவித்தலும் வருகின்றன. நம் நாளிலோ ஆளை முதலில் அமர்த்தித் திறப்புவிழா நாளையும் குறித்துவிட்டு, காலத்தையும் இடத்தையும் பின்னர் அறியப் புகுகின்றோம்.

தலைமை யாருக்கு உரியது? சேனைக்கு வேந்தன் சுக்கிரீவன். ஆயினும் சேதுவைக் கட்டும் பொறுப்பு, அத்தொழில் அறிந்த நளனுக்கே உரியதாயிற்று. நம் வயல்வெளியிலும் வட்டவிதானை இதனை அறிவார். எந்த வாய்க்காலுக்கு எந்நாள் தண்ணீர் என்று கூட்டத்திலே யாவரும் கேட்கச் சொல்வார். குளத்தில் நீர் குறைந்தால் அதனையும் மறையாது சொல்வார். மறைத்தால் விதைத்தவன் கெடுவான்.

நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தை வகுத்த யோன் றோப்ளிங் 1869இல் இறந்தார். பணியை ஏற்ற மகன் வாசிங்டன், நீரடி அறையில் வேலைசெய்து நோயுற்று, 1872 முதல் வீட்டிலேயே முடங்கினார். அவர் மனைவி எமிலி அத்தொழில் நுணுக்கங்களைத் தாமே பயின்று, கணவரின் கட்டளைகளைப் பணித்தலத்திற்கு எடுத்துச் சென்றார். 1883இற் பாலம் திறக்கப்பட்டது. தலைவன் நோயுறலாம்; தலைமை அறுபடலாகாது என்பதை இது காட்டும்.

தாமதம் யாரைச் சுடும் என்பதற்குப் பாம்பன் சான்று. 1914இல் எழுந்த பழைய இரயிற் பாலத்திலே 2022 டிசம்பரில் வண்டி நிறுத்தப்பட்டது. 2021இல் முடியுமென்று எதிர்பார்த்த புதிய பாலம், கொள்ளைநோய் முதலியவற்றாற் பிந்தி, 2025 ஏப்பிரலிலேயே திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேலாக இராமேசுவரம் செல்வோர் இரயிலின்றி இருந்தனர்.

என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லுதல் கடன். மண்முனைப் பாலம் எழுமுன், எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் யான் தமிழ் கற்பித்தேன். படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வாரத்தில் இரு நாளாவது பிந்துவாள். காரணம் வினவினால், “பாதை வரல்ல சேர்” என்பாள். அதனைச் சாக்கென்று கொண்டு வகுப்பு வாயிலில் அவளை நிறுத்தினேன். பதிவேட்டிற் சிவப்பு மையால் எழுதினேன். ஒரு கார்த்திகையில் இழவுவீடொன்றிற்காக மறுகரை சென்று தங்கி, விடியலில் மீண்டேன். வாவி பெருகியிருந்தது, பாதை அசையவில்லை. இரண்டு மணி நேரம் மழையில் நின்றேன். புத்தகப்பையைச் சட்டைக்குள் அணைத்தபடி அவளும் அங்கே நின்றாள். என்னைக் கண்டதும், “சேர், நீங்களும் பிந்தப் போறீங்களே” என்றாள். அதிற் குத்தல் இல்லை. எனக்காக வருந்தியே சொன்னாள்.

அன்று பாடசாலை சேர்ந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். அவள் பெயருக்கு எதிரே எத்தனை சிவப்புக் குறிகள்! கந்தோர்களிலும் கருத்தரங்குகளிலும் பிந்திய பணியின் கணக்கு, கடைசியில் அங்கேதான் எழுதப்பட்டிருந்தது. வாவியில் இன்னும் பாலம் காணாத துறைகள் உள. அவற்றுக்கு நாள் குறிப்போர், குறிக்குமுன் ஒரு கார்த்திகை விடியலில் அத்துறையில் நின்று பார்ப்பாராக.