இருமல் மருந்தும் அதன் அளவும்

பனிக்காலம் வந்துவிட்டால் நம் கொங்கு நாட்டில் இருமல் கேட்காத வீடு அரிது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும், மஞ்சள் வேகவைக்கும் அடுப்புப் புகையும், விடியற்காலைப் பனியும் சேர்ந்து நெஞ்சில் சளி கட்டச் செய்கின்றன. அங்கத்தினர்களில் பலர் கடையில் ஒரு புட்டி இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகின்றனர். இதைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. தறி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலியும் நின்றுபோகும். ஆயினும், சங்கத்தில் நூல் எடுக்கும்போது நம்பர் என்ன, எடை என்ன என்று பார்த்து எடுக்கின்ற நாம், வயிற்றுக்குள் போகும் மருந்தை மட்டும் பாராமல் வாங்குவது முறையாகாது.

சளி இளக்கும் மருந்து செய்வது என்ன?

இருமல் தனியே ஒரு நோயன்று. மூச்சுக் குழாயில் சேர்ந்த சளியையும் தூசியையும் வெளியே தள்ளுவதற்கு உடல் செய்யும் வேலையே அது. சளி இளக்கும் மருந்து இந்த வேலையை நிறுத்துவதில்லை. கெட்டிச் சளியை நீர்க்கச் செய்து, எளிதில் வெளியேற உதவுகிறது. இவ்வகையில் பெரிதும் வழங்குவது குவாய்பெனெசின் என்னும் மருந்து. பிரோம்ஹெக்சின், அம்பிராக்சால் என்பவை சளியின் பிசுபிசுப்பைக் குறைப்பவை. இம்மருந்து உண்ணும் நாட்களில் வெந்நீரும் கஞ்சியும் தாராளமாக அருந்த வேண்டும். உடலில் நீர் குறைந்தால் சளி கெட்டிப்படும்.

வறட்டு இருமலை அடக்கும் மருந்து வேறு. டெக்ஸ்ட்ரோமெதார்பன் அவ்வகையைச் சேர்ந்தது. நெஞ்சு நிறையச் சளி இருக்கும்போது இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே கடைக்காரரிடம் ‘இருமல் மருந்து’ என்று மட்டும் கேளாமல், சளி வருகிறதா, வறட்டு இருமலா என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரே புட்டியில் பல மருந்துகள்

கடையில் கிடைக்கும் புட்டிகள் பலவற்றில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருக்கும். குளோர்பெனிரமின் கலந்தது தூக்கத்தைத் தரும். அதைக் குடித்துவிட்டு விசைத்தறி முன் நிற்பதும், வண்டி ஓட்டுவதும், கிணற்று மேட்டில் வேலை செய்வதும் ஆபத்து. மதுவுடன் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். டெர்பியூட்டலின் கலந்தது நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். பினைலெப்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். பாரசிட்டமால் கலந்த மருந்தோடு தனியே காய்ச்சல் மாத்திரையும் விழுங்கினால், ஒரே மருந்தை இருமுறை உண்டதாக முடியும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரைப் பாகில் செய்யப்படாத மருந்தைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும், இருதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் எதையும் உண்ணலாகாது.

புட்டியின் லேபில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். படித்த பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்து கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

அளவு

வீட்டுக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. மருந்துடன் வரும் அளவு மூடியைக்கொண்டே அளக்க வேண்டும். வேளைக்கு 5 மில்லி லிட்டர் என்றால் அது 5 மில்லி லிட்டர்தான். இருமல் நிற்கவில்லை என்று புட்டியை வாயில் கவிழ்ப்பதால் நோய் விரைவில் தீராது. தலைசுற்றலும் வாந்தியுமே மிஞ்சும். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை மற்றொருவர் குடிப்பதும், சென்ற ஆண்டு மிஞ்சியதை எடுத்து உண்பதும் கூடாது.

குழந்தைகள் விஷயம்

இது எல்லாவற்றினும் முக்கியமானது. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ என்ற சளி மருந்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். அம்மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருக்கக் கண்டனர். அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 பங்குதான். அதே அக்டோபரில் தொழிற்சாலையின் உரிமம் ரத்து செய்யப்பட்டது.

இந்நஞ்சு புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 1972-இல் சென்னையில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகளும் இதற்குப் பலியாயினர். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் இதே கதை நடந்தது. மருந்தைக் கரைக்க நல்ல கிளிசரினோ புரொப்பிலீன் கிளைக்காலோ சேர்க்க வேண்டிய இடத்தில், மலிவான தொழிற்சாலைச் சரக்கு, சோதிக்கப்படாமல் சேர்ந்துவிடுவதே காரணம். இது இனிப்பானது. ஆதலால் நாவுக்கும் மூக்குக்கும் தெரியாது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் எந்தச் சளி, இருமல் மருந்தும் தரக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்மருந்துகளை எழுதித் தரவே வேண்டாமென்று மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மருத்துவர்களுக்கு அறிவித்தது. குழந்தைகளின் சாதாரணச் சளி பெரும்பாலும் தானே தீரும். ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேன் தரலாம். அதற்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் ஆகாது. மருந்து கொடுத்தபின் வாந்தி கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதியாமல் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உரிமம் உள்ள கடையில் மட்டுமே வாங்கி, ரசீது கேட்டுப் பெறுங்கள். தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் புட்டியில் உள்ளபடியே ரசீதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சங்கக் கணக்கில் ரசீது இல்லாத செலவு செல்லாது. மருந்திலும் அப்படியே, தவறு நேர்ந்தால் அச்சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவது அந்தத் துண்டுச் சீட்டுத்தான். மருந்து முடியும்வரை புட்டியை எறியாமல் வைத்திருங்கள்.

மருந்துக்கு அடங்காத இருமல்

இரண்டு வாரம் கடந்தும் நீங்காத இருமலை மருந்துக் கடையில் தீர்க்க முயலாதீர்கள். அது காசநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பஞ்சாலையிலும் ஜின்னிங் பட்டறையிலும் உழைப்போருக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டினால், அது பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அறிகுறி. அதனைச் சளி மருந்து தீர்க்காது. முகக்கவசமும், காற்றோட்டமும், மருத்துவரின் சோதனையுமே தேவை. இருமலில் இரத்தம் கண்டாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலும் எடைக்குறைவும் தொடர்ந்தாலும் அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

ஒருநாள் கூலியை மிச்சப்படுத்த எண்ணி நோயை மறைப்பது, முதலைத் தின்று வட்டியைக் காப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு சங்கமும் இவ்விஷயங்களை மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டி, அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.