நேரே விண்ணப்பிக்க முடியாத பட்டம்

உங்களுக்குத் தெரியுமா? பணம் இருந்தாலும், மதிப்பெண் இருந்தாலும் வெளியிலிருந்து நேரே விண்ணப்பித்துச் சேர முடியாத சர்வதேச மேலாண்மைப் பட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘செம்ஸ்’. கொலோன், பாரிஸ், மிலான், பார்சிலோனா ஆகிய நகரங்களின் நான்கு கல்வி நிறுவனங்கள் 1988-இல் தொடங்கிய கூட்டமைப்பு இதை வழங்குகிறது. அந்தக் கூட்டமைப்பில் பொதுவாக ஒரு நாட்டுக்கு ஒரு நிறுவனம்தான். இந்தியாவின் இடம் கொல்கத்தாவின் தென்கோடியான ஜோக்காவில் உள்ள இந்திய மேலாண்மை நிறுவனமான ஐஐஎம் கல்கத்தாவுக்கு. நாட்டின் முதல் ஐஐஎம் அதுவே; 1961 நவம்பரில் பிறந்தது.

ஆக, நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலில் ஐஐஎம்களின் பொது நுழைவுத் தேர்வான கேட்டும் நேர்முகமும். லட்சக்கணக்கானோர் எழுதும் அந்தத் தேர்வில் வென்று ஜோக்காவில் சேர்ந்தபின், செம்ஸுக்காக வகுப்புத் தோழர்களோடு மறுபடியும் போட்டி, இடங்களோ சொற்பம். தேர்வானவர் ஒரு பருவத்தை வேறொரு நாட்டின் உறுப்பு நிறுவனத்தில் படிக்கிறார். நிறுவனம் ஒன்றின் உண்மையான சிக்கலுக்குக் குழுவாகத் தீர்வு தேடுகிறார். ஆங்கிலத்துக்கு அப்பாலும் மொழித் திறன் எதிர்பார்க்கப்படுகிறது. பல மொழிகள் புழங்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பலம் என்றே நினைக்கிறேன்.



ஆகவே, முதுகலை மேலாண்மைக்கு வெளிநாடு செல்ல எண்ணும் மாணவர்கள், கட்டணம் கட்டும் முன்பே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: கையேட்டில் மின்னும் இரட்டைப் பட்டமும் பரிமாற்றப் பருவமும் சேரும் எல்லோருக்குமா, உள்ளே போனபின் பொறுக்கி எடுக்கும் சிலருக்கு மட்டுமா?