பட்டம் வாங்கினால் படிப்பு முடிந்ததா? மின்பொறியியலாளர்களுக்கான தொடர்கல்வி

"மின்பொறியியல் பட்டம் வாங்கியாச்சுன்னா அப்புறம் படிக்க என்ன இருக்கு, டீச்சர்?" படிவம் ஐந்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களோ, "எந்த வகுப்புக்குப் போனா மணிநேரம் கிடைக்கும்?" என்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

உரிமம் எப்படிக் கிடைக்கிறது?

1967ஆம் ஆண்டு பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி, மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். முதலில் பட்டதாரிப் பொறியியலாளர். குறைந்தது 3 ஆண்டு அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டிலும் தேறினால் தொழில்முறைப் பொறியியலாளர். அதன்பின் பதிவைப் புதுப்பிக்கவும் தொடர்கல்வி மணிநேரம் தேவை. இதைத்தான் சி.பி.டி. என்கிறோம்.

ஏன் இந்தக் கட்டாயம்?

துறை மாறிக்கொண்டே இருக்கிறது. 2008 ஜனவரியில் நம் வீட்டு மின்னழுத்தத்தின் அளவு 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டாக மாறியது. 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. 1995இல் பட்டம் பெற்றவர் கூரைச் சூரிய மின்தகட்டைப் பற்றிக் கல்லூரியில் எவ்வளவு படித்திருப்பார்? ஆனால் இன்று அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் அவராக இருக்கலாம். தவறினால் ஆபத்து மற்றவர் உயிருக்கு.

எங்கே தேடுவது?

1. மலேசியப் பொறியியலாளர் கழகம், பெட்டாலிங் ஜெயா. 1959இல் தொடங்கியது. இதன் மின்பொறியியல் பிரிவு உரைகளும் பட்டறைகளும் நடத்துகிறது.
2. தீம் எனப்படும் மலேசிய மின், மின்னணுச் சங்கம்.
3. பாங்கியில் உள்ள இல்சாஸ், தெனாகா நேஷனலின் பயிற்சி நிலையம். மின்விநியோகம், துணைமின் நிலையம் பற்றிப் படிக்க ஏற்ற இடம்.
4. செடா எனும் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம். சூரிய மின்சக்திப் பயிற்சிக்கு.

பணம் கட்டுமுன்

விளம்பரத்தில் வாரியத்தின் ஒப்புதல் எண்ணும் மணிநேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். 'சான்றிதழ் உண்டு' என்பது மட்டும் போதாது.

அடுத்து, கம்பெனியிடம் எச்.ஆர்.டி. லெவி பற்றிக் கேளுங்கள். 10 பேருக்கு மேல் வேலை செய்யும் பல நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை இதற்குச் செலுத்துகின்றன. தகுதியுள்ள பயிற்சிக்கு அதிலிருந்து கட்டணம் பெறலாம். சொந்தக் காசைப் போட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

வயர்மேன், சார்ஜ்மேன் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் தகுதிச் சான்றிதழை வழங்குவது எரிசக்தி ஆணையம், பொறியியலாளர் வாரியம் அல்ல. ஆகவே வாரிய மணிநேரத்தை நம்பிச் சேராமல், ஆணையத்திடம் விசாரித்துச் சேருங்கள்.

மாணவர்களுக்கு

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்தப் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், நான்கு ஆண்டு படித்தும் வாரியத்தில் பதிவது சிக்கலாகிவிடும். பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

'வாழ்நாள் கல்வி' என்ற தலைப்பில் கட்டுரை வந்தால், "கற்றல் முக்கியம்" என்று பொதுவாக எழுதாமல் 240 வோல்ட் 230 ஆன கதையை எழுதுங்கள். கருத்துக்குச் சான்று கிடைத்துவிடும்.